அம்மா வரும் வருஷம்

கவிநிலா விசுவாசப் பிரமாணத்தைப் பாதாளம் வரைக்கும் பிசகாமல் சொன்னாள். அதற்கு மேல் நகரவில்லை.

புதுநன்மை என்று முதல் தடவையாக நற்கருணை அப்பம் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு அந்தச் செபம்தான் கடைசிச் சோதனை. கோவிலை ஒட்டினாற்போல் இருந்த மறைக்கல்வி அறையில் சிஸ்டர் ஃபிலோமின் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு மந்திரம் கேட்டுக்கொண்டிருந்தார். மற்ற பெற்றோர் மர நிழலில் நின்று, யார் வீட்டில் பிரியாணி, யார் வீட்டில் வெறும் கேக்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆதிமூலம் மட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே மகள் சொல்லச் சொல்லத் தானும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். மகள் நின்றுபோன இடத்தைத் தாண்டி அவன் உதடு இரண்டு வரி போய்விட்டுத் திரும்பி வந்தது.

"மூன்றாம் நாள்..." என்று எடுத்துக் கொடுத்தார் சிஸ்டர்.

"மறந்துபோச்சு சிஸ்டர்."

வெளியே வந்த சிஸ்டருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "என்னா கவி அப்பா, உங்க பொண்ணு ஆண்டவரப் பாதாளத்துல எறக்கிட்டு அப்படியே வுட்டுட்டா. மூணாம் நாள் எழுப்பவே இல்ல."

மரத்தடியில் எல்லோரும் சிரித்தார்கள்.

"நேத்துகூட முழுசா சொன்னா சிஸ்டர்."

"அடுத்த வாரம் திங்கக்கெழம இன்னொருக்கா கேக்கறேன். அன்னிக்கும் எறங்கின எடத்துலயே நின்னா, அப்பறம் அடுத்த வருஷந்தான்."

சைக்கிளில் சாரத்தில் இருந்த வீட்டுக்குத் திரும்பும்போது பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்த கவி வாயே திறக்கவில்லை. வழக்கமாக அவள் அப்படி வருகிற பிள்ளை இல்லை. சிக்னலில் நிற்கிற வண்டிகளின் எண்ணைப் படித்துக்கொண்டே வருவாள்.

ஆதிமூலம் கிறிஸ்தவன் இல்லை. காலையில் விபூதி பூசிக்கொண்டுதான் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போவான். கோவிலுக்கு மகளைக் கூட்டி வரும் நாட்களில் வாசலிலேயே அதைத் துடைத்துவிடுவான். துடைக்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பங்குச் சாமியாரின் அறையில், பிறக்கிற பிள்ளைகளைத் திருச்சபையின் விசுவாசத்தில் வளர்ப்பேன் என்று அவன் கட்டிக்கொள்ளவிருந்த கிறிஸ்தவப் பெண் செலஸ்தீன் வாக்குக் கொடுத்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த அவன் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலுக்கு அப்போது அவன் பெரிய அர்த்தம் எதுவும் வைக்கவில்லை. அவள் பார்த்துக்கொள்வாள் என்று இருந்தான்.

மில்லில் ஆதிமூலத்துக்கு வேலை போன பிறகு, பாரீசில் இருக்கும் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள செலஸ்தீன் போனாள். கவி அப்போது ஒன்றாம் வகுப்பு. போகிற அன்று விமான நிலையத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "தூங்கறதுக்கு முன்னாடி செபம் சொல்லவைங்க. நெத்தியில சிலுவ போட்டு வுடுங்க. உங்களுக்கு நம்பிக்க இல்லன்னாலும் போடுங்க."

அன்றிலிருந்து அவன் போட்டுவருகிறான். முதல் சில நாள் தன் விரலால் போட்டால் அது சிலுவைதானா என்று ஒரு கூச்சம் இருந்தது. பிறகு மந்திரங்களை அவனே படித்துப் பழகினான். செலஸ்தீன் விட்டுப்போன சின்ன செபப் புத்தகத்தை வேலைக்கு எடுத்துப் போய், பிளாஸ்டிக் குடம் வார்க்கும் இயந்திரம் வாயை மூடித் திறக்கிற இடைவெளியில் ஒவ்வொரு வரியாக மனப்பாடம் செய்தான். கவிக்கு அவன்தான் சொல்லிக் கொடுத்தான். அதனால்தான், அவள் மறந்துவிட்டாள் என்பதை அவனால் நம்ப முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை தெருக்குழாயில் விஷயம் தெரிந்துவிட்டது.

தண்ணீர் வரும் நேரத்தில் கவி ஒரு பழக்கம் வைத்திருந்தாள். குடம் நிறைகிறதா என்று எட்டிப் பார்க்க மாட்டாள். குழாயைத் திறந்துவிட்டு விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்குவாள். அது முடியும்போது குடம் நிறைந்திருக்கும். அன்று வேலை முடிந்து சந்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஆதிமூலம் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டான். பாதாளத்தில் இறங்கி, மூன்றாம் நாள் எழுந்து, பரலோகம் ஏறி, நித்திய வாழ்வு வரைக்கும் போய், "ஆமென்" என்று சொல்லிக் குழாயை மூடினாள் அவள். குடம் விளிம்பு வரை நிறைந்திருந்தது.

"கவி."

திரும்பியவள் பிடிபட்டதைப் புரிந்துகொண்டாள். உடனே சண்டைக்காரியின் முகம் வந்துவிட்டது.

"தெரிஞ்சிக்கிட்டே ஏன் சொல்லல?"

"எனக்கு இந்த வருஷம் வேணாம்."

"என்னா வேணாம்?"

"நன்ம. அடுத்த வருஷம் வாங்கிக்கறேன். அடுத்த வருஷம் அம்மா வரும்ல? நீதான சொன்ன. எல்லாரும் வாங்கறப்ப அவங்க அம்மா பின்னாடி நின்னு தலையில முக்காடு சரி பண்ணுவாங்க. எனக்கு யார் பண்ணுவா? நீயா?"

"ஏன், நான் பண்ணா என்னா?"

"நீ கோணலா பண்ணுவ."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நடந்தாள். ஆதிமூலம் சைக்கிளைப் பிடித்தபடி அங்கேயே நின்றான். அடுத்த வருஷம் என்று அவன் சொன்னது உண்மை. போன வருஷமும் அதையேதான் சொன்னான். செலஸ்தீனுக்கு அங்கே தங்குவதற்கான காகிதம் இன்னும் கையில் வரவில்லை. அது வராமல் கிளம்பினால் திரும்பப் போக முடியாது. எப்போது வரும் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. இது கணவன் மனைவி இருவருக்கும் தெரியும். கவியின் காய்ச்சலுக்கும் அழுகைக்கும் பிறந்தநாளுக்கும் அடுத்த வருஷம் என்ற சொல் நல்ல மருந்தாக இருந்தது. இருவரும் கொடுத்துக்கொண்டே வந்துவிட்டார்கள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் கன்னியர் மடத்தில் சைக்கிளை நிறுத்தினான். சிஸ்டர் ஃபிலோமின் துளசிச் செடிக்குப் பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஆதிமூலம் குழாயடியில் கேட்டதைச் சொன்னான்.

"அடிக் கள்ளி!" என்றார் சிஸ்டர். பிறகு கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "அவ அம்மா நெசமாவே அடுத்த வருஷம் வருதா?"

"தெரியல சிஸ்டர்."

"எங்கிட்டயும் போன வருஷம் அப்படித்தான் சொன்னீங்க."

அவன் கீழே பார்த்தான். "அவளுக்கு மந்திரம் தெரியும்னுதான் உங்களுக்கும் தெரிஞ்சிபோச்சே. பேர எழுதிடுங்களேன். அவ அம்மா அங்க நாள எண்ணிக்கிட்டு இருக்கு. இதுவும் இல்லன்னா ஒடஞ்சிபோயிடும்."

"எழுதிடலாம். கோவிலுக்கு இழுத்துக்கிட்டும் வந்துடலாம். ஆனா அப்பத்த வாங்க நாக்க நீட்டணும்ல? அத அவதான் நீட்டணும். அவளுக்கு வேணும்னு தோணி வாங்கணும்." சிஸ்டர் ஈரத் துணியை உதறினார். "நான் ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே? புள்ளைய விசுவாசத்துல வளக்கறதுன்னா மந்திரம் சொல்லிக் குடுக்கறது மட்டும் இல்ல. அத நீங்க இங்க இருக்கற பாதிப் பேர விட ஒழுங்கா பண்றீங்க. கொழந்தைக்குக் கடவுள் வார்த்த பின்னாடிதான் வருது. மொதல்ல அது நம்பறது அப்பா அம்மா வார்த்தைய. அங்க ஓட்ட வுழுந்துட்டா நாங்க மேல எத ஊத்தினாலும் நிக்காது."

"சொல்லிடச் சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல. திங்கக்கெழம வரைக்கும் நேரம் இருக்கு."

சொல்லிவிடலாம் என்றுதான் வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தான். வந்தால் வீட்டில் ஒரு அட்டைப்பெட்டி காத்திருந்தது. பாரீசிலிருந்து விடுமுறைக்கு வந்த தெய்வசிகாமணி என்ற பெரியவர், பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். செலஸ்தீன் அனுப்பிய புதுநன்மைக் கவுன். கவி பெட்டியைப் பிரிக்காமல் அப்பா வரும்வரை அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. கழுத்திலும் கையிலும் சன்னமான லேசு. தலைக்கு ஒரு முக்காடு, அதைப் பிடித்துக்கொள்ள வெள்ளைப் பூ வளையம். கவி முக்காட்டை எடுத்து முகத்தில் வைத்து நெடுநேரம் மூச்சை இழுத்தாள்.

"அம்மா வாசன இல்ல ப்பா. கட வாசனதான் அடிக்குது."

"போட்டுப் பாரு."

உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். கை முழங்கையோடு நின்றுவிட்டது. விளிம்பு முழங்காலுக்கு மேலேயே இருந்தது. ஆதிமூலம் முதுகுப்பக்கம் மண்டியிட்டு ஜிப்பை ஏற்றினான். அது பாதி முதுகு வரை வந்து, இரண்டு பக்கமும் நான்கு விரல் தள்ளி நின்றுகொண்டது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னான். பிடித்தாள். அப்படியும் ஏறவில்லை.

அழப்போகிறாள் என்று நினைத்தான். அவள் சந்தோஷமாகத் திரும்பினாள்.

"பாத்தியா? அடுத்த வருஷம் அம்மா வந்து என்னைய கடைக்குக் கூட்டிட்டுப் போய் வேற எடுத்துக் குடுக்கும். இது பாப்பா சைசு."

சொல்ல வந்ததை அன்றைக்குத் தள்ளிவைத்தான். கவுனை மடித்துப் பெட்டியில் வைத்தான். பீரோவின் மேல்தட்டில் செலஸ்தீனின் புடவைகள் அப்படியே இருந்தன. அவற்றின் பக்கத்தில் பெட்டியைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினான். சாத்துவதற்கு முன் அவனும் ஒரு புடவையை முகர்ந்து பார்த்தான். அதிலும் அந்துருண்டை வாசனைதான் மிச்சம் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆத்தும சோதனை. முதன்முறை சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய சிஸ்டர் சில கேள்விகள் கொடுத்திருந்தார். பெற்றோர் படிக்க வேண்டும், பிள்ளை மனசுக்குள் பதில் தேட வேண்டும், வெளியே சொல்லத் தேவையில்லை. கவிக்கு எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் கிடையாது.

"பெற்றோருக்குக் கீழ்ப்படியாமல் இருந்தேனா?" என்று படித்தான் ஆதிமூலம்.

"இருந்தேன். நெறய."

"பொய் சொன்னேனா?"

"சிஸ்டர்கிட்ட மறந்துபோச்சுன்னது பொய்யா ப்பா?"

"பொய்தான்."

"அப்ப அத சாமியார்கிட்ட சொல்லணும்."

"சொல்லு."

"சொன்னா போயிடும்ல?"

"போயிடும்னுதான் சிஸ்டர் சொல்றாங்க."

அவள் அவனையே பார்த்தாள். "நீ பொய் சொல்லுவியா ப்பா?"

"எல்லாரும் எப்பனா சொல்றதுதான்."

"நீ யார்கிட்ட போய் சொல்லுவ?"

"நான் ஞானஸ்நானம் வாங்கலியே கவி. எனக்கு அதெல்லாம் கெடையாது."

"அப்ப உன் பொய்யெல்லாம் எங்க போவும்?"

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு அடுத்த கேள்வியைப் படிக்கச் சொன்னாள். ஆதிமூலம் படித்தான். என்ன படித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

செலஸ்தீன் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். ஆதிமூலத்தின் வீட்டில் போன் கிடையாது. தெருமுனையில் இருந்த தேவதாஸின் எஸ்.டி.டி. பூத்துக்கு அவள் கூப்பிடுவாள். அங்கே மதிய சாப்பாடு முடிந்து வீட்டுக்காரர்கள் கண் அசரும் நேரம் இங்கே வெயில் தாழும் நேரமாக இருக்கும். தேவதாஸ் வாசலில் ஸ்டூல் போட்டு வைத்திருப்பார்.

"என்னா மத்மொசேல், புதுநன்மக்கு எனக்கு கேக்கு உண்டா?" என்று பிரெஞ்சுக்காரர் மாதிரிக் கவியிடம் கேட்டார் அவர்.

"அடுத்த வருஷம் உண்டு."

"மஞ்சள் நீராட்டு விழாவக்கூட இவ்ளோ நாள் தள்ளிப் போட்டு நான் பாத்ததில்ல" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. "அலோ... இருக்காங்க, இருங்க."

ஆதிமூலம் கவியை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

"ஏங்க, நல்லாருக்கீங்களா? நெத்தியில சிலுவ போடறீங்கல்ல?"

"போடறேன்."

"கவுன் வந்துச்சா? எப்பிடி இருக்குது போட்டா? நான் இங்க கட கடையா ஏறி எடுத்தேன். ஃபோட்டோ எடுத்து யார்கிட்டனா குடுத்து வுடுங்க. முக்காடு நழுவாம ரெண்டு பக்கமும் ஊக்கு குத்தணும், கேட்டிங்களா?"

நன்றாக இருக்கிறது என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினான்.

"செலஸ்தீன், அவ நன்ம வாங்கமாட்டேங்கறா. சிஸ்டர்கிட்ட மந்திரத்த வேணும்னே பாதியில நிறுத்திட்டா."

"என்னாது? எதுக்காம்?"

"அடுத்த வருஷம் நீ வருவியாம். அப்பத்தான் வாங்குவாளாம்."

அந்தப் பக்கம் எங்கோ பின்னால் ஒரு சின்னக் குழந்தை பிரெஞ்சில் எதற்கோ அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

"நீங்க ஏன் அவகிட்ட அப்பிடிச் சொன்னீங்க?" என்றாள் செலஸ்தீன்.

"நீயுந்தான் சொன்ன."

"ஆமா. நானுந்தான் சொன்னேன்."

"இப்ப நீ சொல்லிடு அவகிட்ட."

"ஃபோன்லயா? எப்பிடிங்க? நீங்க பக்கத்துல இருக்கீங்க, மடியில போட்டுக்கிட்டு மெதுவா சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னா எம்மேல கோவப்படுவா. ஆனா நீ வருவன்னே நெனச்சிக்கிட்டு இருப்பா. நீ சொன்னாத்தான் நம்புவா."

"கொழந்த தாங்காதுங்க."

"பொய் சொல்லாதேன்னு தெனம் அவளுக்கு நாந்தான் படிச்சிக் காட்டறேன். உங்க சாமி கட்டளதான். நேத்து அவ என்னையக் கேட்ட கேள்விக்கு எனக்கு வாய் வரல செலஸ்தீன். என்னால முடியல."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "கூப்புடுங்க" என்றாள்.

அவன் கதவைத் திறந்து கவியை உள்ளே விட்டான். வெளியே போகத்தான் நினைத்தான். அவள் அவன் சட்டை விளிம்பைப் பிடித்துக்கொண்டதால் அங்கேயே ஒடுங்கி நின்றான். ரிசீவரிலிருந்து செலஸ்தீனின் குரல் சன்னமாக அவனுக்கும் கேட்டது.

"கவி, அம்மா ஒண்ணு சொல்லுவேன். கேப்பியா?"

"ம்."

"அடுத்த வருஷம் அம்மாவால வர முடியாது கண்ணு."

கவி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அதுக்கு அடுத்த வருஷம்?"

"தெரியல."

"அதுக்கும் அடுத்த?"

"தெரியலடா. எனக்கு ஒரு காகிதம் வரணும். அது வந்தாத்தான் நான் வர முடியும். எப்ப வரும்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"அப்பா வரும்னுச்சு."

"அப்பா மட்டும் இல்ல. நானுந்தான் சொன்னேன். ரெண்டு பேரும் சேந்து பொய் சொன்னோம். நீ அழக் கூடாதுன்னு சொன்னோம். தப்புதான். அம்மாவ மன்னிச்சிடு."

கவி அழவில்லை. போன் வயரை ஆள்காட்டி விரலில் சுற்றினாள், விடுவித்தாள், மறுபடி சுற்றினாள். வெளியே தேவதாஸ் யாரிடமோ சில்லறை இல்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"கவி? இருக்கியா?"

"இருக்கேன். நானும் ஒண்ணு சொல்லணும். கவுன் பத்தல."

"பத்தலியா? எங்க பத்தல? கையிலயா?"

"எங்கயுமே. ஜிப்பே ஏறல."

"ஐயோ. அவ்ளோவா வளந்துட்ட? எவ்ளோ இருக்க நீ இப்ப?"

கவிக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ரிசீவரைக் காதில் வைத்தபடியே திரும்பி, அப்பாவின் மேல் முதுகை ஒட்டி விறைப்பாக நின்றாள். உச்சந்தலையில் கையை வைத்து, அதை அப்படியே பின்னால் நகர்த்தி, அவன் சட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"அப்பா சட்டையில ரெண்டாவது பொத்தான்."

"கீழேர்ந்தா?"

"மேலேர்ந்து."

கவி ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். பிறகு அவளாகவே பேசினாள்.

"நாளைக்கு சிஸ்டர்கிட்ட முழுசா சொல்லிடறேன். மடத்துல பெரிய கவுன் இருக்குதாம், கேட்டு வாங்கிக்கலாம். உனக்காக ஒண்ணும் இல்ல. எனக்கே வாங்கணும்போல இருக்குது." சொல்லிவிட்டு ரிசீவரை அப்பாவிடம் நீட்டினாள். "அம்மா ஒண்ணும் பேச மாட்டேங்குது."

ஆதிமூலம் வாங்கிக் காதில் வைத்தான்.

"செலஸ்தீன்."

"ரெண்டாவதா?" என்றாள் அவள்.

"ரெண்டாவது."

"நான் நாலாவதுன்னு வச்சி எடுத்தேங்க."

அந்தப் பக்கம் அந்தக் குழந்தை அவளைக் கூப்பிட்டது. செலஸ்தீன் அதற்கு ஏதோ பிரெஞ்சில் சொன்னாள், மெதுவாக, கவிக்குச் சொல்கிற அதே குரலில். சொன்ன பிறகும் அவள் போனை வைக்கவில்லை. ஆதிமூலமும் வைக்கவில்லை. கவி அவன் நெஞ்சில் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள்.